திருப்பூர் பின்னலாடையைப் புதிய சந்தைகளுக்கு விமானத்தில் அனுப்புவது எப்படி?

திருப்பூரில் ஒருவர் "ஏர் போட்டாச்சு" என்று சொன்னால், கேட்பவர் முதலில் அனுதாபப்படுவார். நூல் வரத் தாமதம், டையிங்கில் ஷேடு ஒத்துவரவில்லை, பிரிண்டிங் திரும்பி வந்தது என்று ஏதோ ஒன்றில் நாட்கள் கரைந்து, கப்பலைத் தவறவிட்டு, பையர் (சரக்கை வாங்கும் வெளிநாட்டு வணிகர்) சொன்ன தேதிக்குள் சரக்கைச் சேர்ப்பதற்காகத் தொழிற்சாலை தன் கைக்காசைப் போட்டு விமானத்தில் அனுப்பியிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த ஆர்டரில் லாபம் போயிற்று. சில சமயம் முதலும் போயிற்று. இதனால்தான் இந்த ஊரில் விமானச் சரக்கு என்பது ஓர் அபராதத்தின் பெயராகவே நெடுங்காலம் இருந்துவருகிறது.

புதிய சந்தைகளுக்கு இந்த மனக்கணக்கு பொருந்தாது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களின் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை அனுப்பும் இந்த ஊரில், அதுவரை ஒரே நாட்டை நம்பியிருந்த பல யூனிட்டுகள் பிரேசில், சிலி, கென்யா, சவுதி அரேபியா ஆகிய பெயர்களை முதல்முறையாகக் அடக்க விலை போடும் காஸ்டிங் மேசைக்குக் கொண்டுவந்தன. அங்கிருந்து வரும் முதல் ஆர்டர் பெரும்பாலும் மூவாயிரம், நாலாயிரம் பீஸ்தான். அது இருபது அடி கன்டெய்னரை நிரப்பாது. பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பினால் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இன்னொரு துறைமுகம் என்று கைமாறி, பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை அடைய ஒன்றரை மாதம் எளிதில் கடந்துவிடும். பையரோ உங்கள் துணி அவருடைய கடையில் ஓடுகிறதா என்று சீக்கிரம் பார்த்துவிட்டு, அடுத்த ஆர்டரை அந்தப் பருவத்திலேயே போட விரும்புகிறார். இப்படிப்பட்ட வியாபாரத்தில் விமானக் கட்டணத்தை முதல் காஸ்டிங் ஷீட்டிலேயே ஒரு வரியாக எழுதி, விலை பேசும்போதே பையரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி வாரத்தில் அதைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் அது அபராதம்.

எந்தச் சரக்கு விமானத்தைத் தாங்கும்?

முதலில் ஒரு பீஸுக்கு எவ்வளவு விமானக் கட்டணம் விழும் என்று பாருங்கள். ஒரு பேச்சுக்கு, சாவ் பாவ்லோ வரை கிலோவுக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நிலவரம் வேறாக இருக்கும் என்றாலும் கணக்குப் போடும் விதம் மாறாது. பெட்டியின் பங்கையும் சேர்த்துக் கட்டணத்துக்குரிய எடை 180 கிராம் வரும் ஒரு டீ-ஷர்ட்டின் விலை 220 ரூபாய் என்றால், விமானக் கட்டணம் 63 ரூபாய், அதாவது விலையில் 29 சதவீதம். 90 கிராம் வரும் குழந்தை ராம்பர் 260 ரூபாய்க்கு விற்றால் கட்டணம் முப்பத்தொன்றரை ரூபாய்தான், 12 சதவீதம். பிரஷ்டு ஃபிளீஸ் ஹூடி பெட்டியில் இடத்தை அடைத்துக்கொள்வதால் 900 கிராமுக்குக் கட்டணம் வாங்கும். 600 ரூபாய் விலைக்கு 315 ரூபாய் என்பது பாதிக்கும் மேல்.

எனவே குழந்தை உடை, உள்ளாடை, எம்பிராய்டரியோ தொழில்நுட்பத் துணியோ உள்ள விலை கூடிய ரகம் ஆகியவை விமானத்தில் போகலாம். சாதாரண டீ-ஷர்ட்டில் முதல் லாட்டை மட்டும் விமானத்தில் அனுப்பி, ரிப்பீட் ஆர்டரைக் கப்பலுக்கு மாற்றும்படி தொடக்கத்திலேயே பேசிவைக்கலாம். ஹூடியைக் கப்பலுக்கே விட்டுவிடுங்கள், அல்லது துபாய் வரை கப்பலிலும் அங்கிருந்து விமானத்திலும் அனுப்பும் கலப்பு முறையைக் கேட்டுப் பாருங்கள்.

பலர் தவறவிடும் இன்னொரு செலவும் உண்டு. பிரேசில் போன்ற நாடுகளில் இறக்குமதி வரி, பொருளின் விலையோடு சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின் மீது விதிக்கப்படுகிறது. அங்கே ஆயத்த ஆடைக்கு வரி 35 சதவீதம். நீங்கள் விமானத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் உங்கள் பையர் அங்கே 35 ரூபாய் வரியும், அதற்கு மேல் உள்நாட்டு வரிகளும் கட்டுகிறார். சிலியில் பொது வரியே 6 சதவீதம்தான். இந்தியாவுடன் முன்னுரிமை ஒப்பந்தமும் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுக்கு 2022 டிசம்பர் 29 முதலும் அமலில் உள்ள ஒப்பந்தங்களின்படி, இந்தியாவில் உருவானது என்று காட்டும் தகுதியுள்ள மூலச் சான்றிதழோடு போகும் நமது ஆடைக்கு வரி இல்லை. ஒரே கிலோ கட்டணம் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு கடை விலையாக மாறுவதால், பையரின் ஊரில் அவருக்கு அடக்கம் என்ன ஆகிறது என்பதை நீங்களும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் கரைவது பெட்டியில்தான்

விமான நிறுவனம் உண்மையான எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் கிடைக்கும். கூரியர் நிறுவனங்கள் பொதுவாக 5,000-ஆல் வகுக்கும் என்பதால், சாம்பிள் அனுப்பிய அனுபவத்தை வைத்து மொத்தச் சரக்கைக் கணக்கிட வேண்டாம்.

பழக்கத்தின் காரணமாக நாம் எடுக்கும் 60 × 40 × 40 பெட்டியைப் பாருங்கள். கன அளவு எடை 16 கிலோ. அதில் 80 டீ-ஷர்ட் வைத்தால் பெட்டியோடு சேர்த்து உண்மையான எடை 13 கிலோ. நூறு பெட்டிக்கு 300 கிலோ காற்றுக்குக் கட்டணம் கட்டுகிறோம். அதே 80 பீஸை 34 செ.மீ. உயரப் பெட்டியில் அடக்கினால் கன அளவு எடை 13.6 கிலோ, காற்றின் பங்கு நூறு பெட்டிக்கு 60 கிலோவாகக் குறைந்துவிடும்.

ஆனால் இந்தச் சேமிப்பு பேக்கிங் மேசையிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போகக்கூடும். முதல்முறை நான் உயரம் குறைத்த பெட்டியைப் போட்டபோது, சரக்கு முனையத்தில் அளவுநாடா பிடித்தவர் 62, 42, 37 என்று எழுதினார். பேக்கிங் லிஸ்டில் நாங்கள் எழுதியிருந்தது 60, 40, 34. யாரும் ஏமாற்றவில்லை. அடைத்த துணி மூச்சு விட்டு, பெட்டியின் வயிறு நாலு பக்கமும் உப்பியிருந்தது. விமானச் சரக்கில் பெட்டியின் மிக வெளியே துருத்தும் புள்ளியைத்தான் அளப்பார்கள். மூன்றையும் பெருக்கி வகுத்தால் 16.06 கிலோ. புதுப் பெட்டி வாங்கிய செலவோடு பழைய கட்டணத்தையே கட்டிவிட்டு வந்தோம்.

இதற்கு மருந்து எளிதானது. ஐந்து அடுக்குப் பெட்டியில் கிரேடு கூடியதாகக் கேளுங்கள். பாலிபேக்கில் காற்று வெளியேறச் சிறு துளைகள் இருக்கட்டும். பேக் செய்த கையோடு ஏற்றாமல், ஆறேழு மணி நேரம் அடுக்கி வைத்த பிறகு ஐந்து பெட்டிகளை எடுத்து உப்பிய இடத்தில் அளந்து, அந்த அளவையே பேக்கிங் லிஸ்டில் எழுதுங்கள். நீங்கள் எழுதியதும் முனையத்தில் அளந்ததும் ஒத்துப்போனால் புக்கிங்கில் இடமும் குறையாது. விமானத்தில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் முகவரான ஃபார்வர்டர் கடைசி நேரத்தில் கூடுதல் பில் நீட்டவும் மாட்டார்.

தடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கோயம்புத்தூர் விமான நிலையம் நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், அங்கிருந்து ஷார்ஜா, சிங்கப்பூர், அபுதாபி போன்ற ஊர்களுக்குப் போகும் விமானங்கள் ஒற்றை நடைபாதை உள்ள சிறிய ரகம். பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சும் இடமே சரக்குக்கு. இருநூறு, முந்நூறு கிலோ அவசரச் சரக்குக்கு அது மிக நல்ல வழி. ஒன்றரை டன், இரண்டு டன் என்றால் அகன்ற உடல் விமானங்களும் சரக்கு விமானங்களும் வரும் சென்னை அல்லது பெங்களூரு, இல்லையேல் வளைகுடாவுக்குப் பெரிய விமானம் போகும் கொச்சி ஆகியவற்றில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். பல்லட்டில், அதாவது சரக்குத் தட்டில், கட்டி அனுப்பினால், பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில் ஏறக்கூடிய உயரம் 160 செ.மீ. வாக்கில் முடிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் மட்டுமே மூன்று மீட்டர் வரை உயர்த்திக் கட்டலாம்.

தென்னிந்தியாவிலிருந்து புதிய சந்தைகளுக்குப் போகும் சரக்கு ஏதாவது ஒரு நடுமுனையத்தில் கைமாறும். ஆப்பிரிக்காவுக்கு அடிஸ் அபாபா இயல்பான வாசல். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் அங்கிருந்து கண்டம் முழுவதும் கிளை விரிக்கிறது, சாவ் பாவ்லோவுக்கும் பறக்கிறது. துபாயிலிருந்து எமிரேட்ஸும் தோஹாவிலிருந்து கத்தார் ஏர்வேஸும் தென் அமெரிக்காவைத் தொடுகின்றன. ஒரே முனையத்தை நம்பாமல் இரண்டாவது தடத்துக்கும் ரேட் வாங்கி வைத்திருப்பது அவசியம். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, அதன் விளைவாக விமானங்கள் தடம் மாறிச் சரக்கு தேங்கியதைச் சரிசெய்ய நாட்கள் பிடித்தன.

"புதிய தடம் தொடங்கியிருக்கிறோம், அறிமுக விலை" என்று ஃபார்வர்டர் வந்து சொன்னால் மகிழ்ச்சியோடு கேளுங்கள், ஆனால் கேள்விகளையும் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை விமானம்? பயணிகள் விமானமா, சரக்கு விமானமா? இரண்டாவது கட்டமும் அதே நிறுவனத்தின் விமானமா, வேறொன்றின் கையில் ஒப்படைப்பார்களா? கைமாறும் இடத்தில் சரக்கு சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது? பழைய மூன்று ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) எண்களைக் கொடுக்கச் சொல்லி, விமான நிறுவனத்தின் டிராக்கிங் பக்கத்தில் நீங்களே தேதிகளைப் பார்த்துவிடலாம். விற்பனைப் பிரதிநிதி சொல்லும் "மூன்று நாள்" என்பதற்கும் அந்தப் பக்கம் காட்டும் தேதிகளுக்கும் உள்ள இடைவெளி, அந்தத் தடத்தைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியதில் பாதியைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதி, அந்த விமானம் திரும்பி வரும்போது எதை ஏற்றி வருகிறது என்பதில் இருக்கிறது. சரக்கு விமானத் தடம் இரு திசையிலும் சம்பாதித்தால்தான் நிலைக்கும். நைரோபியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் ரோஜா டன் கணக்கில் பறக்கிறது. காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் பூ ஏற்றுவதற்காகவே கூடுதல் விமானங்கள் நைரோபிக்குப் போகின்றன. போகும்போது அவை காலியாகப் போவதைவிட யாருடைய சரக்கையாவது ஏற்றிக்கொள்ளவே விரும்பும். சிலியின் சாந்தியாகோவிலும் இதே கதைதான். அங்கே சால்மன் மீனும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை செர்ரிப் பழமும் வெளியே வருகின்றன. அந்த ஊரின் விளைச்சல் காலத்தை அறிந்து, உங்கள் டெலிவரித் தேதியை அதற்கு அருகில் பேச முடிந்தால், துபாய்க்கு அப்பாலுள்ள கட்டத்தில் நல்ல விலை கிடைக்க வாய்ப்பு உண்டு. விலை குறைந்திருக்கிறதே என்று வியக்கும் பலரும் பூவையும் மீனையும் நினைத்துப் பார்ப்பதில்லை. மாறாக, திரும்பிவர எதுவும் இல்லாத ஊருக்கு அறிவிக்கப்படும் தனிச் சரக்கு விமானத்தை நம்பி ஆறு மாத ஆர்டருக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ரேட்டைப் படிப்பது

ஃபார்வர்டர் அனுப்பும் கொட்டேஷனில் 45, 100, 300, 500, 1,000 கிலோ என்று படிகள் இருக்கும். எடை கூடக் கூடக் கிலோ விலை குறையும். உங்கள் சரக்கு 450 கிலோ, 300 கிலோ படியில் விலை 210 ரூபாய், 500 கிலோ படியில் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 450-ஐ 210-ஆல் பெருக்கினால் 94,500. அதையே 500 கிலோ என்று காட்டிக் கட்டினால் 90,000. எடை இல்லாமலேயே மேல் படியின் கட்டணத்தைக் கட்டுவது இத்தொழிலில் முறையான வழக்கம். ஏர்வே பில்லிலும் கட்டணத்துக்குரிய எடை 500 என்றே பதிவாகும். ஃபார்வர்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். பாக்கி 50 கிலோவில் அடுத்த சீசனின் சாம்பிளை வைத்து அனுப்பலாம், இன்வாய்சில் அது இருந்தால்.

அடிப்படை விலைக்கு மேல் எரிபொருள், பாதுகாப்பு ஆகிய சர்சார்ஜ்கள் வரும். அவை உண்மையான எடைக்கா, கட்டணத்துக்குரிய எடைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். முனையத்தில் சரக்கைக் கையாள வாங்கும் டி.எஸ்.பி. கட்டணம், எக்ஸ்ரே, ஏர்வே பில் கட்டணம், சுங்க முகவரான சி.எச்.ஏ.வின் கூலி, திருப்பூரிலிருந்து லாரி வாடகை எல்லாவற்றையும் சேர்த்து "ஆல்-இன்" தொகையாக ஒப்பிட்டால்தான் கோவைக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடு சரியாகத் தெரியும்.

விலையைப் பேசும்போதே யார் எதுவரை பொறுப்பு என்பதையும் பேசிவிட வேண்டும். நம் ஊரில் விமானச் சரக்குக்கும் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு) என்றே எழுதுகிறோம். இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற பன்னாட்டு வணிக விதிப்படி எஃப்.ஓ.பி. கப்பலுக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டுமே உரியது. விமானத்துக்கு எஃப்.சி.ஏ. (குறித்த இடத்தில் ஒப்படைக்கும் வரை விற்பவர் பொறுப்பு) என்று விமான நிலையத்தின் பெயரோடு எழுதுங்கள். கட்டணத்தையும் நீங்களே கட்டுவதானால் சி.பி.டி., காப்பீட்டோடு என்றால் சி.ஐ.பி. வழக்கமாகப் போகும் சரக்கில் இந்த வேறுபாடு தெரியாது. முனையத்தில் மழையில் நனைந்த பெட்டிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தால் தெரியும்.

ஒவ்வொரு நாட்டின் முரண்டு

நம் பக்கத்து வேலை பெரும்பாலானோருக்குப் பழகியதுதான்: இந்த நிதியாண்டுக்கான எல்.யு.டி. (ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி), இ-வே பில், ஐஸ்கேட் என்ற சுங்க இணையத்தளத்தில் ஷிப்பிங் பில், சுங்கத்தின் ஏற்றுமதி அனுமதி. இதுவரை தூத்துக்குடி வழியாக மட்டும் அனுப்பிய யூனிட், ஏற்றுமதிப் பணத்தைப் பெறும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடு சென்னை ஏர் கார்கோ அல்லது கோவை விமான நிலையச் சுங்கத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. சரக்கு முனையத்தில் நிற்கும்போது அதைக் கண்டுபிடித்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கட்டிய வரிகளைத் திரும்பப் பெறும் டிராபேக், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். கோரிக்கைகளை ஷிப்பிங் பில்லிலேயே சரியாகக் குறித்துவிடுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

சிக்கல் அந்தப் பக்கத்தில்தான். பிரேசிலுக்குப் போகும் ஏர்வே பில்லில் இறக்குமதியாளரின் சி.என்.பி.ஜே. என்ற வரி எண் இருக்க வேண்டும், சரக்கின் என்.சி.எம். என்ற சுங்க வகைக் குறியீடு, மரப் பேக்கிங் உண்டா இல்லையா என்ற குறிப்பு, கட்டணத் தொகை ஆகியவையும் வேண்டும். ஒருமுறை பையரின் பதினான்கு இலக்க எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டு, நாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய வரைவைச் சரிபார்க்காமல் அனைவரும் "ஓகே" என்று பதில் போட்டதில், சரக்கு சாவ் பாவ்லோவில் இறங்கிப் பதினொரு நாள் கிடந்தது. ஆறு நாளில் போய்ச் சேர்ந்த சரக்குக்குப் பதினொரு நாள் கிடங்கு வாடகை. அதன் பிறகு அந்த எண்ணை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் வரைவில் விரல் வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். ஆடையில் தைக்கும் லேபிளும் பிரேசிலுக்குத் தனி: நூலிழை விவரம் போர்த்துகீசிய மொழியில், இறக்குமதியாளரின் வரி எண், உற்பத்தி நாடு, பராமரிப்புக் குறிகள், அளவு. தையல் தொடங்கும் முன் இதன் ஒப்புதல் வராவிட்டால், பேக் செய்த பீஸைப் பிரித்து லேபிள் மாற்றும் கொடுமை நேரும்.

சவுதிக்கு சாபர் என்ற இணையத்தளத்தில் பொருளுக்கு ஒரு சான்றும், ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சான்றும் பையர் எடுக்க வேண்டும். கென்யாவுக்குச் சரக்கு புறப்படும் முன்பே இங்கே பரிசோதனை நடந்து ஒத்திசைவுச் சான்று வாங்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கான நாட்களை உற்பத்தி அட்டவணையில் சேர்க்காமல் விமானத்தை மட்டும் புக் செய்வதில் பயனில்லை.

உங்கள் சரக்கு ஃபிராங்க்பர்ட் போன்ற ஐரோப்பிய முனையம் வழியாகக் கடந்து போனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐ.சி.எஸ்.2 விதி பொருந்தும். 2023 மார்ச் 1 முதல், விமானத்தில் ஏற்றும் முன்பே சரக்கின் விவரங்கள் அங்குள்ள சுங்கத்துக்குப் போய்விட வேண்டும். "கார்மென்ட்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். "ஆண்களுக்கான பருத்திப் பின்னல் டீ-ஷர்ட், 610910" என்று பொருளும் ஆறு இலக்கக் குறியீடும் தெளிவாக இருக்க வேண்டும். பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கும் மெர்ச்சண்டைசரிடம் இதை ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

பணம் வரும் வழி

கப்பலின் பில் ஆஃப் லேடிங் அசல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கு. விமானத்தின் ஏர்வே பில் அப்படியல்ல. அது சரக்கின் உரிமைப் பத்திரமே இல்லை. அதில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அவர் அடையாளம் காட்டிச் சரக்கை எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் ஆவணங்கள் வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கும். "டி.பி. (பணம் கட்டினால்தான் ஆவணம்) அடிப்படையில் அனுப்பினோம், பணம் கட்டாமலேயே எடுத்துவிட்டான்" என்ற புலம்பல், கப்பல் பழக்கத்தை விமானத்துக்குக் கொண்டுபோனதால் வருவது.

முதல் ஆர்டருக்கு முழு முன்பணம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முப்பது சதவீதம் முன்பணம், மீதி சரக்கு புறப்படும் முன். அதுவும் முடியாதென்றால் பையரின் வங்கியின் முன் ஒப்புதலைப் பெற்று, ஏர்வே பில்லில் பெறுநராக அந்த வங்கியின் பெயரைப் போட்டு, பையரை அறிவிக்கப்பட வேண்டியவராக மட்டும் காட்டுங்கள். வங்கி விடுவிப்புக் கடிதம் கொடுத்த பிறகே சரக்கு அவர் கைக்குப் போகும். ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யில் பாலிசி எடுப்பவர்கள் பையரின் பெயருக்கு வரம்பு வாங்குவதோடு, அந்த நாடு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். நைஜீரியா 2023 ஜூனிலும் எத்தியோப்பியா 2024 ஜூலையிலும் தங்கள் நாணயத்தின் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, நாணய மதிப்பு சரிந்தது. நேர்மையான பையராக இருந்தாலும், அவருடைய வங்கியில் டாலர் கிடைக்கும் நாள்தான் உங்களுக்குப் பணம் வரும் நாள்.

புறப்படும் நாள்

லாரி திருப்பூரிலிருந்து மாலையில் கிளம்பினால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓர் இரவுப் பயணம். விமானத்துக்குச் சரக்கு ஏற்கும் கடைசி நேரமான கட்ஆஃபிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சுங்கத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் சேர்த்து ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை இரவு விமானத்தைக் குறிவைத்து வெள்ளிக்கிழமை காலை லாரியை அனுப்புவது இந்த ஊரின் தீராத நோய். செவ்வாய், புதன் விமானங்களில் நெரிசல் குறைவாக இருக்கும் என்பது என் அனுபவம். மெர்ச்சண்டைசர்கள் இதை ஏற்க மறுப்பார்கள்.

புக்கிங் உறுதியானாலும் சரக்கு இறக்கிவிடப்படலாம். பயணிகளின் பெட்டிகள் கூடினாலோ, கோடை வெப்பத்தில் விமானம் எடுக்கக்கூடிய எடை குறைந்தாலோ, மாம்பழமும் மீனும் முன்னுரிமை கேட்டாலோ, ஆடைதான் முதலில் கீழே நிற்கும், ஏனென்றால் அது அழுகாது. நூறு பெட்டியில் அறுபது போய், நாற்பது மறுநாள் போவதும் நடக்கும். எல்லா அளவும் எல்லா நிறமும் முதல் அறுபது பெட்டியில் கலந்திருக்கும்படி வரிசை எண் போட்டு அடுக்கினால், பாதிச் சரக்கு வந்தாலும் பையர் கடையைத் திறக்க முடியும்.

ஏர்வே பில் எண் வந்தவுடன் அதைச் சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனம்: 071 என்றால் எத்தியோப்பியன், 176 என்றால் எமிரேட்ஸ். அடுத்த எட்டில் முதல் ஏழு இலக்கங்களை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். 1234567-ஐ வகுத்தால் மீதி 5. ஆகவே 12345675 என்பது சரியான எண்ணாக இருக்கலாம், 12345672 நிச்சயம் தவறு. பையருக்குத் தவறான எண்ணை அனுப்பி, அவர் இரண்டு நாள் தேடிக் கோபப்படுவதைக் கைப்பேசிக் கால்குலேட்டர் தடுத்துவிடும்.

இறங்கிய பிறகு

சரக்கு கைக்குப் போகும் நாளில் பையர் செய்ய வேண்டியதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால், டெலிவரி ரசீதிலேயே அதைக் குறித்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்துக்கான எழுத்துப் புகாரைச் சரக்கைப் பெற்ற 14 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்கானதை 21 நாட்களுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். வழக்கு என்றால் இரண்டு ஆண்டு. விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான், நம் பணத்தில் சுமார் 3,000 ரூபாய். பேக்கிங் சரியில்லை என்று அவர்கள் காட்டிவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே காப்பீட்டுக்கான சிறு தொகையை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

பணம் வந்ததும் வங்கியில் அந்த ஷிப்பிங் பில்லோடு வரவைப் பொருத்தி, ஏற்றுமதிப் பண வரவைக் கண்காணிக்கும் இ.டி.பி.எம்.எஸ். பதிவை முடித்து, பணம் வந்ததற்கான சான்றான இ-பி.ஆர்.சி.யை எடுத்து வையுங்கள். விமானச் சரக்கில் சிறு சிறு பில்கள் நிறைய சேரும் என்பதால், மூன்று மாதம் விட்டால் எது எதற்கு வந்த பணம் என்று தேட வேண்டியிருக்கும். அதே கோப்பில் ஒரு தாளைச் சேர்த்து, ஒவ்வொரு ஏர்வே பில்லுக்கும் தொழிற்சாலையிலிருந்து லாரி கிளம்பிய தேதி, விமானம் ஏறிய தேதி, நடுமுனையத்தில் காத்த நாட்கள், பையர் கைக்குப் போன தேதி, நாம் எழுதிய எடை, அவர்கள் வாங்கிய எடை ஆகியவற்றை எழுதிவாருங்கள். அடுத்த காஸ்டிங் ஷீட்டில் விமானக் கட்டணத்துக்கான வரியை அந்தத் தாளைப் பார்த்தே எழுதலாம்.